எப்பவும் நூறுல இருக்கணும்னு நெனச்சேன்

ஒரு மாசமா இந்தப் பக்கம் வரவே முடியலை. பட்டுப்புழு கடைசித் தோல் உரிச்சு எந்திரிச்சிருச்சுன்னா, கூடு கட்டுற வரைக்கும் ராப்பகலாத் தழை வெட்டிப் போட்டுக்கிட்டே இருக்கணும். நேத்துத்தான் கூடு எடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பினோம். இன்னிக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கெடச்சிருக்கு.

போன வாரம் பொண்ணு கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தா. ரெண்டு நாள் வீட்டுல இருந்தே வேலை பார்க்கலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம். வந்ததும் ஆசாரத்துல பெஞ்சை இழுத்துப் போட்டு, ஆபீஸ் லேப்டாப்பை வெச்சு, சார்ஜர் வயரைச் சொருகினா. நான் தண்ணிச் சொம்போட நின்னுக்கிட்டு, "எம்பதுல நிக்கற மாதிரி வெச்சிருக்கியா கண்ணு?"ன்னு கேட்டேன். தலையைத் தூக்கி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தா. "வெச்சிருக்கறனுங்ப்பா"ன்னு சொல்லிட்டு வேலையை ஆரம்பிச்சுட்டா.

அவ்வளவுதான் பேச்சு. வெளியாள் யாராவது கேட்டிருந்தா இது ஒரு சாதாரணக் கேள்வின்னு போயிருப்பாங்க. எங்க ரெண்டு பேருக்கும் அது சாதாரணக் கேள்வி இல்லை. இத்தனை வருசமா இங்க வரப்பு, வாய்க்கால், மாட்டுக்கு வந்த நோய்னு என்னென்னவோ எழுதியிருக்கேன். இதை மட்டும் எழுதலை. தப்பு என் மேல இருந்ததுதான் காரணம்.

பொண்ணு பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில படிச்சவ. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் மடிக்கணினி கொடுக்கிற திட்டம் 2011ல ஆரம்பிச்சது, ஞாபகம் இருக்கும். 2019ல எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்துச்சு. எங்க குடும்பத்துல யாரும் அதுவரைக்கும் சொந்தமா ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. எங்கம்மா அதுக்குச் சந்தனப் பொட்டு வெச்சு சாமி படத்துக்கு முன்னால ஒரு நாள் முழுக்க வெச்சிருந்தாங்க. அடுத்த நாள்தான் பொண்ணு கையில கொடுத்தாங்க.

அதை எப்படிப் பத்திரமா வெச்சுக்கணும்னு சொல்லிக் கொடுத்தது நான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா பேட்டரி தெரியும்னு நெனப்பு. டிராக்டர் பேட்டரியை இருவது வருசமாப் பார்க்கறேன். மருந்தடிக்கிற தெளிப்பானுக்குள்ளயும் ஒரு சின்ன பேட்டரி இருக்கு. ரெண்டும் ஈயத் தகடும் அமிலமும் போட்ட பேட்டரி. இந்த ஜாதிக்கு ஒரே ஒரு சட்டம்தான். வடிய விடக்கூடாது. சார்ஜ் இறங்கினபடியே ரெண்டு மாசம் போட்டு வெச்சீங்கன்னா தகட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிரும், அப்புறம் எவ்வளவு ஏத்தினாலும் ஏறாது. வெள்ளாமை இல்லாத மாசத்துல கூட வாரம் ஒரு தடவை டிராக்டரை ஸ்டார்ட் பண்ணி ஓட விடறது அதுக்காகத்தான். தெளிப்பானை வேலை முடிஞ்சு கொண்டு வந்ததும் மொதல்ல சார்ஜ்லதான் போடுவேன். எப்பவும் முழுசா இருக்கணும்.

அந்தச் சட்டத்தை அப்படியே தூக்கி லேப்டாப்புக்கும் சொன்னேன். "வயரைப் பிடுங்காத அம்மணி. எப்பவும் நூறுல இருக்கணும். நம்மூர்ல கரண்ட் எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

கல்லூரியில அவ கூடப் படிக்கிற ஒரு பிள்ளை வேற சட்டம் சொன்னாளாம். முழுசா வடிய விட்டு, அணைஞ்ச பிற்பாடுதான் சார்ஜ் போடணும், அப்பத்தான் பேட்டரி நிறைய நாள் வரும்னு. பொண்ணு என்கிட்ட வந்து கேட்டா. நான், "பேட்டரியை வடிய விடறதா? யாரு சொன்னது?"ன்னு ஒரே பேச்சுல அதை அடிச்சுப் போட்டேன். பின்னால தெரிஞ்சது, அந்தப் பிள்ளை சொன்னதும் தப்புத்தான். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துச் சட்டம். பாதியில பாதியில சார்ஜ் போட்டா அந்த பேட்டரிக்கு "ஞாபகம்" பிடிச்சுக்கும்னு ஒரு குறை இருந்துச்சு. அந்த பேட்டரி போயிருச்சு, சட்டம் மட்டும் வாய்வழியா நின்னுருச்சு. என்னோட சட்டமும் அதே மாதிரித்தான். வேற ஜாதி பேட்டரியோட சட்டம்.

2020 மார்ச்சுல ஊரடங்கு வந்துச்சு. பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா. ஆன்லைன் வகுப்பு. எங்க தோட்டத்துல செல்போன் சிக்னல் ஒழுங்காக் கெடைக்கிற எடம் ஒண்ணே ஒண்ணுதான், புழு ஷெட்டை ஒட்டி இருக்கிற சின்ன ரூம். மேல சிமெண்ட் அட்டை. அதுல ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். காலையில ஒம்பது மணிக்கு உள்ள போனா நாலு மணிக்கு வெளிய வருவா. போர்வையை நாலா மடிச்சு, அது மேல லேப்டாப்பை வெச்சுக்குவா. வயர் எப்பவும் சொருகியே இருக்கும். ராத்திரி அவ தூங்க வீட்டுக்கு வந்தப்புறமும் லேப்டாப் அங்கயே நூறுல கெடக்கும். நான் சொன்னது அப்படி.

இதுல ஒரு விசயத்தை நெனச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். அந்த ரூமுக்கும் புழு ஷெட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு செவுருதான். புழுவுக்கு 25 டிகிரி பக்கம் இருக்கணும், அதுக்கு மேல போனா திங்காது, நோய் வரும், கூடு சிறுத்துப் போகும். அதனால ஷெட்டுல தெர்மாமீட்டர் மாட்டி வெச்சு, சன்னலுக்கு ஈரச்சாக்கு தொங்க விட்டு, கூரை மேல தென்னங்கீத்து பரப்பி, மணிக்கொருதரம் போய்ப் பார்த்துக்கிட்டு இருப்பேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் எம் பொண்ணும் அவ லேப்டாப்பும் அட்டைக்கு அடியில வெந்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு நாள் அவ, "ஏனுங்ப்பா, அந்தத் தெர்மாமீட்டரை ஒரு நாளைக்குக் கொடுங்க"ன்னு விளையாட்டா வாங்கிட்டுப் போய் மாட்டினா. மத்தியானம் ரெண்டு மணிக்கு 38 காட்டுச்சு. நான், "ஒரு டேபிள் ஃபேன் வாங்கித் தர்றேன்"ன்னு சொன்னேன். வாங்கியும் கொடுத்தேன். அவளுக்கு. லேப்டாப்புக்கு வெயில் அடிக்கும்னு எனக்குத் தோணவே இல்லை.

2021 ஆரம்பத்துலயே அறிகுறி தெரிஞ்சது. விரலால தடவுவாங்களே, அந்தச் சதுரம், அது ஒரு ஓரத்துல லேசா மேல எழும்பியிருந்துச்சு. அமுக்கினா டிக்குனு சத்தம் வராது. நான் கட்டை விரலால அமுக்கி "சரியாயிரும்"னு சொன்னேன். இப்ப நெனச்சா உடம்பு நடுங்குது, ஏன்னு கீழ சொல்றேன். வயரைப் பிடுங்கினா மொதல்ல மூணு மணி நேரம் வந்தது அரை மணி நேரம் கூட வரலை. பொண்ணு என்கிட்ட கேட்டா. "வேற பேட்டரி போடணும்ங்ப்பா. ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆகும்கறாங்க."

அந்த மாசம்தான் போர்வெல் மோட்டார் எரிஞ்சு போச்சு. வண்டி வெச்சு மேல தூக்கி, காயில் கட்டி, மறுபடி எறக்கினதுல கையில இருந்ததெல்லாம் போச்சு. பட்டுக்கூட்டுக்கும் அப்ப வெலை இல்லை. "வயர்ல போட்டுத்தானே வெச்சிருக்க, பேட்டரி எதுக்கு? அடுத்த கூடு வித்ததும் பார்த்துக்கலாம்"னு சொன்னேன். மறு பேச்சுப் பேசாமப் போயிட்டா. அடுத்த கூடு வித்தப்ப வேற செலவு வந்துச்சு. அதுக்கடுத்த கூட்டுக்கும் அதே கதை. மூணு தடவை கேட்டா. நாலாவது தடவை கேக்கலை.

ஆனி மாசம் எங்க உடுமலைப் பக்கம் காத்து எப்படி இருக்கும்னு நேர்ல வந்து பார்த்தாத்தான் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கிற காத்து அது. காத்தாலை வெச்சவங்களுக்கு அது காசு. எங்களுக்குத் தென்னமட்டை விழற சத்தம். அந்த வருசம் ஜூலையில ஒரு நாள் அவளுக்கு ஆன்லைன் பரீட்சை. பத்து மணிக்கு ஆரம்பிச்சு பதினொரு மணிக்கு முடியும். கேமராவைப் பார்த்து உக்காந்துக்கிட்டே எழுதணும். பத்தே கால் இருக்கும், நான் ஷெட்டுல தழை போட்டுக்கிட்டு இருந்தேன். ஃபேன் நின்னுச்சு. எங்கயோ மட்டை லைன் மேல விழுந்திருக்கு.

எனக்கு அப்பக் கூடப் பயம் வரலை. பேட்டரிதான் நூறுல இருக்குதேன்னு நெனச்சேன்.

நாலு நிமிஷம் இருக்கும். பொண்ணு லேப்டாப்பை ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வெளிய ஓடி வந்தா. "அறுபத்தொண்ணு காட்டுச்சுங்ப்பா, அப்படியே அணைஞ்சிருச்சு." எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. டிராக்டர் பேட்டரியில இருந்து வயர் இழுக்கலாமான்னு கூட யோசிச்சேன், பைத்தியக்காரன் மாதிரி. அப்ப வீட்டுல இன்வெர்ட்டர் கெடையாது. அவ போன்ல உள்ள போகப் பார்த்தா. பாஸ்வேர்டு, கேமரா, அனுமதி, சுத்திக்கிட்டே இருந்துச்சு. அது திறந்தப்ப மணி பதினொண்ணு அஞ்சு. பன்னண்டரைக்குக் கரண்ட் வந்துச்சு.

அவ அழுகலை. அதுதான் எனக்குத் தாங்கலை. ராத்திரி சோறு போடறப்ப, தட்டைப் பார்த்துக்கிட்டே, "உங்களை மூணு தடவை கேட்டனுங்ப்பா"ன்னு மட்டும் சொன்னா. வீட்டுக்காரி என்னைப் பார்த்தா. நான் சாப்பிட்டு முடிச்ச மாதிரி கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

அடுத்த நாள் உடுமலையில ஒரு சின்ன ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரத் தம்பி பொண்ணை விட நாலு வயசு மூத்தவனா இருப்பான். அடிமூடியைக் கழட்டிப் பார்த்ததும் கையை எடுத்துட்டான். "அண்ணா, இதை யாராவது அமுக்கினீங்களா?"ன்னு கேட்டான். நான் பேசலை. உள்ள தட்டையா இருக்க வேண்டிய பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்துச்சு. உள்ள வாயு சேர்ந்திருக்கு. அதை அமுக்கினாலோ, குத்தினாலோ, வளைச்சாலோ உள்ளயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்னு சொன்னான். எம் பொண்ணு ஆறு மாசமா அதை மடியில வெச்சுப் படிச்சிருக்கா.

கழட்டறதுக்கு முன்னாலயே இன்னொண்ணும் காட்டியிருந்தான். விண்டோஸ்ல ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை அடிச்சா பேட்டரி ரிப்போர்ட்னு ஒரு பக்கம் வருது. அதுல ரெண்டு கணக்கு இருக்கும். பேட்டரி பொறந்தப்ப எவ்வளவு பிடிக்கும்னு ஒண்ணு, இப்ப முழுசா ஏத்தினா எவ்வளவு பிடிக்குதுன்னு ஒண்ணு. பொறந்தப்ப 41,440. அன்னைக்கு 7,100. அதாவது நூறு லிட்டர் பிடிக்கிற தொட்டியில எம்பத்திமூணு லிட்டருக்கு மண்ணு அடைஞ்சு கெடக்கு. மேல "நூறு"ன்னு எழுதிக் காட்டுனது மிச்சம் இருந்த பதினேழோட நூறு. அதுவும் நெசமான நூறு இல்லை. வயசான பேட்டரிக்குள்ள தடை ஏறிப் போயிரும், இழுக்கிற வேகத்துல வோல்டேஜ் சட்டுனு விழும், 61 காட்டிக்கிட்டே அணைஞ்சு போகும்.

"எப்பவும் சார்ஜ்லயே வெச்சிருந்தீங்களா அண்ணா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். "நல்லா வெயில்ல?" அதுக்கும் ஆமான்னேன்.

அந்தத் தம்பி சொன்னதையும், அதுக்கப்புறம் பொண்ணு படிச்சுச் சொன்னதையும் எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். லேப்டாப்புலயும் போன்லயும் இருக்கிறது லித்தியம் அயனி பேட்டரி. 1991ல சோனி கம்பெனி இதை முதல்ல விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதைக் கண்டுபிடிச்ச வேலைக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோன்னு மூணு பேருக்கு 2019ல நோபல் பரிசு கொடுத்தாங்க. குட்இனஃபுக்கு அப்ப 97 வயசு. நோபல் வாங்கினவங்கள்லயே அவர்தான் மூத்தவராம். எங்க வீட்டுக்கு அந்த லேப்டாப் வந்ததும் அதே வருசம்தான்.

அந்த பேட்டரிக்குள்ள ரெண்டு பட்டி இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒரு பக்கம் உலோக ஆக்சைடு, இன்னொரு பக்கம் கிராஃபைட். நடுவுல ஒரு திரவம். சார்ஜ் ஏத்தினா லித்தியம் எல்லாம் கிராஃபைட் பட்டிக்குப் போய் அடையும். நாம பயன்படுத்தறப்பத் திரும்பி வரும். ஆட்டைக் காலையில ஓட்டிட்டுப் போய் பொழுதோட கொண்டாந்து அடைக்கிற மாதிரி. ஒவ்வொரு நடைக்கும் ஒண்ணு ரெண்டு ஆடு வழியில தங்கிப் போகும். அதைத் தடுக்க முடியாது, எப்படி வெச்சிருந்தாலும் பேட்டரிக்கு வயசாகத்தான் செய்யும். சாதாரணமா 300ல இருந்து 500 முழு நடைக்குள்ள பழைய தெம்புல அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிரும்பாங்க. முழு நடைன்னா நூறு சதவீதம் செலவாகறது. இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதி செலவானா ரெண்டு நாளும் சேர்ந்துதான் ஒரு நடை.

ஆனா ஆடு வழியில தொலையறதை வேகப்படுத்தறது ரெண்டு. ஒண்ணு, முழுசா நெரம்பியே கெடக்கறது. நூறு சதவீதத்துல ஒரு செல்லுல 4.2 வோல்ட் இருக்கும். அந்த வோல்டேஜ்ல உள்ள இருக்கிற திரவம் கொஞ்சம் கொஞ்சமாச் சிதையுது. தகட்டுல படலம் படியுது, லித்தியம் அதுல சிக்கிக்குது, வாயு சேருது. ரெண்டு, சூடு. எந்தச் சிதைவையும் சூடு வேகமாக்கும், வெயில்ல வெச்ச மோர் மாதிரி. இது ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா கேக்கவே வேண்டாம். வயிறு முட்டத் தின்ன மாட்டைத் தண்ணி காட்டாம உச்சி வெயில்ல கட்டிப் போட்ட மாதிரி. நான் ஒண்ணரை வருசம் அப்படித்தான் கட்டிப் போட்டிருக்கேன்.

நூறு ஆனதும் சார்ஜ் தானா நின்னுக்கும், அதுக்கு மேல ஏறாது, அதுக்குள்ள சர்க்யூட் இருக்கு. அதனால "ஓவர் சார்ஜ் ஆயிருச்சு"ன்னு சொல்றது சரியில்லை. ஏறினது எறங்காம அங்கயே கெடக்குதே, அதுதான் கெடுதல். டிராக்டர் பேட்டரிக்கு எது சுகமோ அதுவே இதுக்கு நோய்.

கடைக்காரத் தம்பி புது பேட்டரி போட்டான். 2,300 ரூபாய். மூணு தடவை இல்லைன்னு சொன்ன காசு அது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் எதிர்ப்பக்க விசயம் தெரிஞ்சது. பக்கத்துத் தோட்டத்து அப்பத்தா பேரனுக்கும் அதே வருசம் லேப்டாப் கொடுத்தாங்க. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். அப்பத்தா அதைப் பழைய சீலையில சுத்தி, பீரோவுல நகை வெக்கிற அறையில வெச்சுப் பூட்டியிருந்தாங்க. ரெண்டு வருசம் யாரும் தொடலை. எங்க வீட்டுக் கதையைக் கேட்டுட்டு, "எங்களுது பத்திரமா இருக்குது சாமி, அம்மணிக்கு வேணும்னா எடுத்துக்க"ன்னு பிரியமாக் கொண்டு வந்து கொடுத்தாங்க. ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மேல ஒட்டின பேப்பரைக் கூடக் கிழிக்கலை. சார்ஜ்ல போட்டோம். பேட்டரி ஏறவே இல்லை.

சும்மா கெடந்தாலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா வடியும். ஒரு அளவுக்குக் கீழ போச்சுன்னா உள்ள தாமிரத் தகடே கரைய ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் சார்ஜ் ஏத்தறது ஆபத்துன்னு காவலுக்கு இருக்கிற சர்க்யூட் கதவைச் சாத்திரும். அப்பத்தாவோட லேப்டாப் பட்டினியில செத்துச்சு. எங்களோடது தின்னே செத்துச்சு. ரெண்டு வீட்டுலயும் பத்திரமா வெச்சுக்கணும்னு நெனச்சுத்தான் செஞ்சோம்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சே இருக்கலாம். ஆனா பொண்ணோட ஆபீஸ் பிள்ளைகளே பாதிப் பேர் லேப்டாப்பைக் காலையில சொருகினா வெள்ளிக்கெழமை சாயங்காலம்தான் பிடுங்குவாங்களாம். அதனால நான் இப்பச் செய்யறதைச் சொல்லிடறேன்.

பெரும்பாலான லேப்டாப்புல எம்பது சதவீதத்துல சார்ஜ் நிக்கற மாதிரி ஒரு ஏற்பாடு உள்ளயே இருக்கு. கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும். அதைப் போட்டு விட்டுட்டா வயரைப் பிடுங்க வேண்டியதே இல்லை. அந்த ஏற்பாடு இல்லைன்னா எம்பதுக்குப் பக்கத்துல வயரை எடுத்துடறது, முப்பது நாப்பதுல மறுபடி போடறது. அணையற வரைக்கும் வடிய விடறதில்லை. மெத்தை, தலையணை, போர்வை மேல வெக்கறதில்லை, அடியில காத்துப் போற சந்தை அது அடைச்சிரும். ஒரு பலகை போதும். வெயில்ல நிக்கற காருக்குள்ள விட்டுட்டுப் போறதில்லை. மாசக்கணக்குல பயன்படுத்தப் போறதில்லைன்னா பாதி சார்ஜோட அணைச்சு, குளுமையான எடத்துல வெச்சு, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்க்கறது. தடவுற சதுரம் எழும்பினாலோ, மூடி சரியா மூடலைன்னாலோ அன்னைக்கே அணைச்சுக் கடைக்குக் கொண்டு போயிருங்க. அமுக்கிப் பார்க்காதீங்க.

இதுல எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. எம்பதுல நிறுத்தினா, கரண்ட் போற நேரத்துல கையில இருக்கிறது எம்பதுதானே? சரியான கேள்வி. நூறு வெக்கறது பாவம் இல்லை, நூறுலயே குடியிருக்கறதுதான் தப்பு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தறோம்னு பேப்பர்ல போட்டிருந்தா அன்னைக்குக் காலையில நூறு ஏத்திக்குவேன். பரீட்சை, இன்டர்வியூன்னா ஏத்திக்கலாம். கல்யாணத்தன்னைக்கு விருந்து சாப்பிடறோம், தெனமுமா சாப்பிடறோம்? அதோட, எம்பதுல நிக்கற நல்ல பேட்டரி, நூறு காட்டுற செத்த பேட்டரியை விடப் பல மடங்கு. அதை நான் விலை கொடுத்துக் கத்துக்கிட்டேன்.

விலையை நான் கொடுக்கலை, அவ கொடுத்தா. அந்தப் பேப்பர் அரியர் ஆச்சு. அடுத்த செமஸ்டர்லயே எழுதி நல்ல மார்க் வாங்கிட்டா. எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சேன். கடைசி வருசம் கல்லூரிக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்துச்சு. அவ ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்த கம்பெனி. ஒரு தடவை கூட அரியர் வெச்சிருக்கக் கூடாதுன்னு அவங்க விதி. லிஸ்ட்டுல பேர் இல்லை. அதை அவ என்கிட்டச் சொல்லவே இல்லை. வீட்டுக்காரிகிட்டச் சொல்லியிருக்கா, "அப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மா"ன்னும் சொல்லியிருக்கா. எட்டு மாசம் கழிச்சு இப்ப இருக்கிற வேலை கெடச்சது. நல்ல வேலைதான். அதுக்கப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது.

தெரிஞ்ச அன்னைக்கு அவகிட்டப் போய், "அன்னைக்கு ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கணும் கண்ணு"ன்னு சொன்னேன். அவ, "மோட்டார் எரிஞ்சு கெடந்துச்சுங்ப்பா, எனக்குத் தெரியாதா?"ன்னா. நான், "மோட்டாருக்காக இல்லை. எனக்குத் தெரியும்னு நெனச்சேன், அதனாலதான் கொடுக்கலை"ன்னு சொன்னேன். அதுதான் உண்மை. காசு இல்லைங்கறது பாதிக் காரணம். பேட்டரியைப் பத்தி இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்ங்கறது மீதிக் காரணம். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "சரி, அந்தப் பழைய லேப்டாப்பை நீங்க வெச்சுக்குங்க. ஆனா நான் சொல்ற மாதிரித்தான் வெச்சுக்கணும்"னு சொன்னா.

அதுலதான் இதை எழுதறேன். எம்பதுலதான் நிக்குது. பகல்ல எழுதறதா இருந்தா புழு ஷெட்டுக்குள்ள போய், ஈரச்சாக்கு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவேன். புழுவுக்குக் குளுமையா இருக்கிற எடம் இதுக்கும் நல்லாத்தான் இருக்கு. போன வாரம் பொண்ணு வந்தப்ப அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினா. பொறந்தப்ப 41,440. இப்ப 33,900. நான் என்ன சொல்வாளோன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். "பரவாயில்லைங்ப்பா, நல்லாத்தான் வெச்சிருக்கீங்க"ன்னா.

பத்தாவதுல அவ வாங்கின மார்க்கைப் பார்த்து நான் சொன்னதும் இதே வார்த்தைதான். அப்ப அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு இப்பத்தான் எனக்குப் புரிஞ்சது.

சரி, த்ரீ பேஸ் வந்துருச்சு போல, மோட்டார் சத்தம் கேக்குது. மல்பெரிக்குத் தண்ணி திருப்பி விடணும். அடுத்த வாரம் பார்க்கலாம்.